நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற இதழில் 'ரெலாஷ்' என்ற பாலே நடனத்தைப் பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நூறாண்டு கடந்துவிட்ட அந்தப் படைப்பை, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களும் சேர்ந்து ஆடுகிற இன்றைய நிகழ்வாகவும் அதனோடு இணைந்த பரிசோதனைத் திரைப்படமாகவும் மீட்டெடுக்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஓரிடம் என்னை உறுத்தியது. அந்தப் பாலேயில் நாயகன் சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்து, பிறகு எழுந்து ஆடுவதை 'வேடிக்கையான காட்சி' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை நகர்ந்துவிட்டது. மீட்டெடுப்பு என்று ஒன்று நடக்குமானால் அந்த வரியில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1924 டிசம்பர் 4 அன்று பாரிஸின் ஷாம்ப்-எலிசே அரங்கில் அரங்கேறிய படைப்பு அது. ஓவியர் பிரான்சிஸ் பிக்காபியா எழுத, எரிக் சாட்டி இசையமைக்க, ரோல்ஃப் த மாரே நடத்திவந்த சுவீடிஷ் பாலே குழுவினர் ஆடினார்கள். 'இன்று காட்சி இல்லை' என்று அரங்க வாசலில் தொங்கவிடும் சொல்லையே நடனத்துக்குப் பெயராக வைத்தார்கள். அதற்கு முன்பு, முதலில் அறிவித்திருந்த நாளில் முதன்மை ஆட்டக்காரரான ழான் போர்லினுக்கு உடல்நலம் கெட்டு நிகழ்ச்சி உண்மையிலேயே ரத்தானது என்பதைக் கட்டுரையாளரும் சுவையாகக் குறிப்பிட்டிருந்தார். அந்தப் போர்லின்தான் சக்கர நாற்காலியில் வருகிறார். ஒரு பெண்ணின் அழகைக் கண்டதும் அவருடைய முடக்கம் நீங்கிவிடுகிறது. இரண்டு அங்கங்களுக்கும் நடுவே திரையிடுவதற்கென்று ரெனே கிளேர் எடுத்துக்கொடுத்த 'ஆந்த்ராக்த்' என்ற சிறு படத்திலும் இதே எண்ணம் மீண்டும் வருகிறது. ஒட்டகம் இழுத்துச் செல்லும் சவ வண்டி கட்டறுத்துக்கொண்டு ஓட, ஊர்வலத்தில் வந்தவர்கள் எல்லாம் பின்னாலேயே ஓடுகிறார்கள். சின்னஞ்சிறு உருளைவண்டியில் கையால் உந்திக்கொண்டு, கால் இல்லாதவரைப் போல வந்த மனிதரும், ஒரு கட்டத்தில் வண்டியை விட்டு எழுந்து ஓடிவிடுகிறார்.

அன்றைய பார்வையாளர்கள் சிரித்திருப்பார்கள். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. உலகப்போர் முடிந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த பாரிஸ் அது. போரில் காலை இழந்தவர்கள் தெருவெங்கும் இருந்த காலம். அந்தச் சிரிப்பில் எத்தனையோ வலி கலந்திருக்கும். இருந்தாலும் முடங்கிய உடம்பு என்றால் கதை முடிவதற்குள் அது சரியாகியே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கேயும் இருந்திருக்கிறது. நம்முடைய திரைப்படங்களிலும் அம்மன் சன்னதியில் மணி அடிக்க அடிக்க நாயகியின் கால்விரல் அசைவதைப் பார்த்துக் கண்ணீர் விட்டுத்தானே வளர்ந்தோம்? எழுந்து நின்றால்தான் மங்களம். அதுவரைக்கும் அவள் பாதி மனுஷி.

நான் காங்கேயம் வட்டாரத்தைச் சேர்ந்தவள். என் நாற்பத்தைந்தாவது வயதில், வள்ளி முருகன் கதையைப் பாடி வட்டமாக ஆடும் வள்ளி கும்மியைக் கற்று, ஊர்க் கோயில் திடலில் அரங்கேற்றம் கண்டவள். என்னோடு சேர்ந்து பழகத் தொடங்கிய அக்கா மகள், அரங்கேற்றத்துக்கு முன்பே தாராபுரம் சாலையில் நடந்த ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனாள். ஓராண்டு கழித்து, மீண்டும் கும்மிக்கு வருகிறேன் என்று அவளே கேட்டாள். நாங்கள் போன குழுவில் யாரும் முகம் சுளிக்கவில்லை. "ஓரமா உக்காந்து கை தட்டு கண்ணு, அது போதும்," என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அவளும் மூன்று வாரம் ஓரமாக உட்கார்ந்து கை தட்டினாள். நான்காவது வாரம் வண்டியில் ஏறும்போது, "சின்னம்மா, நான் கும்மி பாக்க வர்றனா, ஆட வர்றனா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக் களத்தில்தான் பழகினோம். கோயில் திடலின் புழுதியில் நாற்காலியின் முன்பக்கத்துச் சின்னச் சக்கரங்கள் இரண்டும் புதைந்துவிடும். தேங்காய்ப் பருப்பு காயப்போடும் சிமெண்ட் களத்தில் அந்தத் தொல்லை இல்லை. கும்மியில் காலெடுத்து வைத்து, குனிந்து, கை கொட்டி, அரைவட்டம் திரும்ப வேண்டும். எங்களுக்குக் கால் ஒரு வேலையையும் கை ஒரு வேலையையும் பார்த்துக்கொள்ளும். அவளுக்கோ இரண்டு வேலையும் கையுடையதுதான். இடச் சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலச் சக்கரத்தை ஒரே தள்ளாகத் தள்ளினால் அரைவட்டம் அழகாக வந்துவிடுகிறது, ஆனால் கொட்டு எப்போதும் தாளத்துக்கு அரை மாத்திரை பிந்தியே விழுந்தது. காலில் கட்டவேண்டிய சலங்கையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டபோதுதான் விஷயம் எங்களுக்கே விளங்கியது. சக்கரத்தைத் தள்ளும்போது ஒருமுறை, கை கொட்டும்போது ஒருமுறை என்று சலங்கை இரண்டு தரம் ஒலித்தது. நாங்கள் எட்டுப் பேர் கொட்டி முடித்த அமைதியில் அவளுடைய கொட்டு தனியாக வந்து விழுந்ததைப் பிழை என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. பாடுகிறவர் அடிக்கு அடி ஓர் இடைவெளி விட்டுப் பாடினார். ஆட்டம் மெதுவானது உண்மை. ஆனால் அது எங்கள் ஒன்பது பேருடைய ஆட்டம் ஆனது.

சாட்டியின் இசையைப் பற்றி உங்கள் கட்டுரையில் படித்தபோது எனக்கு அந்தக் களம்தான் நினைவுக்கு வந்தது. படத்தின் காட்சிகளுக்குப் பொருந்தும்படி சின்னச் சின்னத் துண்டுகளாக இசையை எழுதி, காட்சி நீளும் அளவுக்கு ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க அவர் இடம் விட்டிருந்தார் என்றால், திரைக்காகக் காத்திருக்கும் இசை ஒன்று நூறு ஆண்டுக்கு முன்பே தயாராக இருக்கிறது என்று பொருள். திரைக்காகக் காத்திருக்கும் இசை ஆடுகிறவருடைய உடம்புக்காகவும் காத்திருக்கும். மீட்டெடுப்பவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதைத்தான்.

அந்த எழும் காட்சியை வெட்டி எறிந்துவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டிவிட்டால் கேள்வியும் சேர்ந்து போய்விடும். உண்மையிலேயே சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒரு நடனக் கலைஞரிடம் அந்தப் பாத்திரத்தைக் கொடுத்து, அந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும் என்று விட வேண்டும். பின்னால் திரையில் பழைய படத்து மனிதர் எழுந்து ஓட, முன்னால் மேடையில் இவர் எழாமலேயே தன் ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

முருகன் தள்ளாத கிழவராக வந்து தேனும் தினைமாவும் வாங்கி உண்டு, பிறகு வேடம் கலைவது எங்கள் கும்மிப் பாட்டிலேயே இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். ஒன்றல்ல. அவருடைய முதுமை அவரே போட்டுக்கொண்ட வேடம், அது வேடம் என்பது பாட்டைக் கேட்கும் எல்லோருக்கும் தெரியும். என் அக்கா மகளின் கால்கள் வேடம் அல்ல.

திரைப்படப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஆந்த்ராக்த்' படத்தில் கண்ணாடித் தளத்துக்கு அடியில் கேமராவை வைத்து ஒரு நடனக்காரரைப் படம் பிடித்திருக்கிறார்கள். யாரும் பார்த்திராத இடத்திலிருந்து ஓர் உடம்பைப் பார்க்கும் துணிவு அது. அந்தத் துணிவை இன்று தொடர்வதென்றால், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் கேமராவை வைக்க வேண்டும். களத்தில் அவளுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான், கும்மி வட்டம் அங்கிருந்து சேலைக் கொசுவங்களும் கொட்டும் கைகளுமாகத் தெரிகிறது, முகங்கள் குனியும்போது மட்டும் வந்து போகின்றன என்பதை அறிந்தேன். பார்வையற்றவர்களுக்கு ஒலி விவரிப்பும் காது கேளாதவர்களுக்கு எழுத்து வரிகளும் அந்தப் படத்தில் கடைசியில் ஒட்டவைத்தவையாக இல்லாமல் தொடக்கத்திலேயே யோசிக்கப்பட வேண்டும். திரையரங்குப் படங்களுக்கே இந்த வசதிகளை வலியுறுத்தும் வழிகாட்டுதல்களை மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டிருக்கிறது.

பாரிஸ் பாலேவுக்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒன்று நினைவூட்ட விரும்புகிறேன். கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்துதான் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர், 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். வெளியிலிருந்து வந்ததை நமதாக்கிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. நம்முடையதை மாற்றிக்கொள்வதும் புதிதல்ல. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பகுதியின் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது எங்கள் குழுவில் இனிப்பு வழங்கினோம். அவர் வட்டத்தை அகலமாக்கியிராவிட்டால் நான் இன்று ஆடிக்கொண்டிருக்க மாட்டேன்.

இலண்டனில் 1991இல் தொடங்கப்பட்ட கேண்டோகோ குழு, மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சமமாக ஆடும் நடனத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. நம்மிடம் ஆட்கள் இல்லாமல் இல்லை. மேடைக்கு ஏற வழிதான் இல்லை. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது சரிவுப் பாதையின் அளவு. 3 அடி உயர மேடைக்கு 36 அடி நீளச் சரிவு வேண்டும். நான் ஆடப் போன மண்டபங்கள் எதிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி வைக்கிறோம் என்பார்கள். தூக்கிவைக்கப்படும் அந்த நேரத்தில் அவள் கண்களை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கலைப் பாடங்களில் மாற்றுத்திறனாளிகளும் சேர்ந்து பயிலும்படி அவற்றை மறுவடிவமைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு கூறுகிறது. இசை, நடனக் கல்லூரிகள் அதை நடைமுறைப்படுத்தினால் 'ரெலாஷ்' போன்ற ஒரு முயற்சிக்கு வேண்டிய கலைஞர்கள் பத்தே ஆண்டுகளில் இங்கேயே உருவாகிவிடுவார்கள்.

கட்டுரையாளர் இதே பொருளில் தொடர்ந்து எழுதுவார் என்றால், அடுத்த பகுதியை எழுதுவதற்கு முன்பு சக்கர நாற்காலியில் ஆடுகிற இரண்டு மூன்று பேரிடமாவது அந்தப் பழைய காட்சியைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதும்படி வேண்டுகிறேன். என் அக்கா மகளுக்கும் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். எழுந்து ஆடும் இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, "எந்திரிச்சதுக்கு அப்பறம் அந்த நாற்காலிய என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டாள். கட்டுரையில் தேடிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
காங்கேயம்.