கல்லில் தம்பியின் பெயர் இல்லை

அண்ணா,

இன்று சித்திரை முதல் நாள். காலையில் ஹைகேட் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல், அன்று நாம் ஏறிய அதே வடக்கு ரயிலில் ஏறினேன். ஹை பார்னெட்டில் இறங்கி, மேடேறி, கடைத்தெருவைத் தாண்டி அந்தப் பார்னெட் போர் நினைவுக் கல் வரை நடந்தேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. நின்றிருந்தால் திரும்பியிருப்பேன்.

வீட்டு விஷயத்தை இங்கே எழுதப் போவதில்லை. சொந்தக்காரர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். அம்மாவுக்கு யாராவது வாசித்தும் காட்டுவார்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், இதே கல்லுக்கு முன்னால் நீங்கள் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை மட்டும் எழுத வேண்டும்.

கல்லில் இருப்பதை நீங்கள் உரக்க வாசித்தீர்கள். இங்கிலாந்து அரசன் நான்காம் எட்வர்டுக்கும் வாரிக் ஏர்ல் என்ற பிரபுவுக்கும் 1471 ஏப்ரல் 14 அன்று இங்கே போர் நடந்தது, அதில் ஏர்ல் தோற்றுக் கொல்லப்பட்டார் என்று. "வாரிக்கின் தம்பியும் இங்கேதானே செத்தான், அவன் பெயரைக் காணோமே" என்றேன். கல்லின் மேலிருந்து கையை எடுக்காமலே சொன்னீர்கள்: "தம்பி பேச்சைக் கேட்டுத்தான் வாரிக் செத்தான்."

அதற்கு முந்தின வாரம்தான் வீட்டில் அந்தப் பேச்சு நடந்திருந்தது. நீங்கள் யாரைச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ரயிலில் நீங்கள் எனக்குப் பொங்கல் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தீர்கள், வாங்கித் தின்றேன். அந்தப் பொங்கலின் சூடுகூட இன்னும் நினைவில் இருக்கிறது.

அண்ணா, அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் கொமின் எழுதியதில் பாதியைத்தான் நீங்கள் சொன்னீர்கள். குதிரைகளை அனுப்பிவிட்டுக் கால்நடையாக நின்று போரிடச் சொன்னது தம்பி ஜான் நெவில்தான், அது சரி. ஏன் சொன்னான்? வாரிக்குக்கு ஒரு வழக்கம் இருந்தது. படையை மோதவிட்டுத் தான் குதிரையேறிக்கொள்வான். வெற்றி தெரிந்தால் சேர்ந்துகொள்வான், தோல்வி தெரிந்தால் முதலில் கிளம்பிவிடுவான். இதையும் கொமின்தான் எழுதுகிறார். 'தலைவன் ஓடமாட்டான்' என்று கூட நிற்பவர்கள் நம்ப வேண்டுமானால் குதிரை கண்ணில் படக் கூடாது. அண்ணனைக் கொல்ல அவன் அதைச் சொல்லவில்லை. அண்ணனோடு தானும் ஓடாமல் நிற்கத்தான் சொன்னான். நின்றான், அங்கேயே விழுந்தான். வாரிக்கோ கடைசியில் குதிரையைத் தேடி ஓடும்போது பிடிபட்டான்.

உங்களுக்கு வாரிக்கைப் பிடிக்கும். அரசர்களை ஏற்றி இறக்கியவன். எல்லோரும் அவனைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அன்றைக்குப் பிறகு நான் ஜானைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உங்கள்மேல் இருந்த கோபத்தில்தான் தொடங்கினேன். அது கோபமாகவே நீடிக்கவில்லை.

1453இல் ஹீவொர்த் வெளியில் பகைக் குடும்பமான பெர்சி குடும்பத்தார் நெவில்களை வழிமறித்தார்களே, அன்று தொடங்கியது அவன் ஓட்டம். 1459இல் ப்ளோர் ஹீத் போர் முடிந்த கையோடு பிடிபட்டு செஸ்டர் கோட்டையில் அடைபட்டான். 1461இல் செயின்ட் ஆல்பன்ஸில் மறுபடி பிடிபட்டு யார்க்கில் சிறை. இரண்டு முறையும் குடும்பச் சண்டைக்காகத்தான். 1464 ஏப்ரல் 25இல் ஹெட்ஜ்லி மூர், மே 15இல் ஹெக்ஸம்: மூன்று வாரத்துக்குள் இரண்டு போர், இரண்டிலும் வெற்றி. இரண்டிலும் அண்ணன் பக்கத்தில் இல்லை. மே 27 அன்று எட்வர்ட் அவனுக்கு நார்தம்பர்லாண்ட் ஏர்ல் பட்டம் கொடுத்தான். பெர்சிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த பட்டம் அது.

எட்வர்ட் நெவில்களுக்கு யார் என்று நீங்கள்தான் நாட்காட்டியின் பின்புறத்தில் வரைந்து காட்டினீர்கள். தாத்தா ரால்ஃப் நெவில். இரண்டு மனைவிகள், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்குச் சொத்தின் பெரும்பகுதி போக, மூத்த தாரத்து வழி கடைசிவரை அவர்களோடு சண்டை. அந்த இரண்டாம் தாரத்தில் பிறந்தவர்கள்தான் ஜானின் அப்பாவும், கடைக்குட்டி அத்தை செசிலியும். அத்தையின் மகன் எட்வர்ட். "அத்தை மகன் ராஜா, மாமன் மகன்கள் படைத்தலைவர்கள்" என்று நீங்கள் சொன்னபோது நாம் மூன்று பேரும் சிரித்தோம். மூன்றாவது ஆள் மச்சான். அவர் அப்போது நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

1469இல் வாரிக் எட்வர்டையே சிறைப்பிடித்தபோது ஜான் அதில் சேரவில்லை. அத்தை மகன் பக்கமே நின்றான். அதற்கு 1470 வசந்தத்தில் கிடைத்த பலன்: ஏர்ல் பட்டம் திரும்பவும் பெர்சியிடம் போனது. ஜானுக்கு மான்டெகு மார்குவிஸ் என்ற பட்டம். ஏர்லைவிட ஒரு படி உயர்ந்தது, அம்மா ஆலிஸின் குலப்பெயர். மகன் ஜார்ஜுக்கு பெட்ஃபோர்ட் டியூக் பட்டமும், அரசனின் மூத்த மகளோடு மண ஒப்பந்தமும். தென்மேற்கில் நிலங்களும் கொடுத்தார்கள். ஆனால் அவன் ரத்தம் சிந்திய வடக்கு கைவிட்டுப் போயிற்று. 'மார்குவிஸ் ஆக்கிவிட்டு, அதைத் தாங்க ஒரு மேக்பை பறவையின் கூட்டைக் கொடுத்தார்கள்' என்று அவன் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தான்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் உங்கள் பக்கம் வந்தது பாசத்தால் மட்டும் இல்லை. எனக்கும் ஒரு கூடு கிடைத்திருந்தது. அந்த மனக்குறையோடுதான் வந்தேன். அதைச் சொல்லாமல், எல்லாவற்றையும் உங்களுக்காக விட்டுவிட்டு வந்தவன் போல இத்தனை ஆண்டுகள் நடந்துகொண்டேன். மன்னித்துவிடுங்கள். ஆனால் நீங்களும் கேட்கவில்லை. வந்தவனை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். அவன் என்ன இழந்தான் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

பிறகு பான்டிஃப்ராக்ட். நாட்டை விட்டு ஓடியிருந்த எட்வர்ட் 1471 மார்ச்சில் சிறு படையோடு திரும்பிவந்து கரையிறங்கித் தெற்கே போகிறான். ஜான் பான்டிஃப்ராக்ட் கோட்டையில் இருக்கிறான், தடுக்கவில்லை. அந்தப் பகுதி மக்கள் பெர்சி விசுவாசிகள், ஜானுக்காகக் கிளம்பமாட்டார்கள் என்பது ஒரு காரணம். மனமும் வரவில்லை என்றே நான் நம்புகிறேன். நான் அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு என்ன காரணம் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்தீர்களோ, அது காரணம் இல்லை. இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

போர் நடந்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. பனிமூட்டம். ஆக்ஸ்ஃபோர்ட் ஏர்லின் ஆட்கள் அணிந்திருந்த நட்சத்திரச் சின்னத்தை எட்வர்டின் சூரியச் சின்னம் என்று நினைத்துச் சொந்தப் பக்கத்தாரே அவர்கள்மேல் அம்பு விட்டார்கள். "துரோகம்" என்ற கூச்சல் எழுந்தது. ஜான் உள்ளே எட்வர்டின் உடுப்பை அணிந்திருந்தான், அதைக் கண்டு வாரிக்கின் ஆளே அவனைக் கொன்றான் என்றுகூட எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதை நம்பவில்லை. குதிரையை அனுப்பச் சொன்னவன் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்திருக்கமாட்டான்.

இருவர் உடலையும் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் மக்கள் பார்க்கக் கிடத்தினார்கள். பிறகு பிஷம் மடத்தில், அப்பாவின் பக்கத்தில் அடக்கம். எட்டாம் ஹென்றி காலத்தில் அந்த மடமும் போய், கல்லறைகளும் போயின. ஜார்ஜின் பட்டங்களை 1478இல் நாடாளுமன்றம் பறித்தது. 1483இல் பிள்ளையில்லாமல் இறந்தான். ஆண் வழி அத்தோடு முடிந்தது. ஜானின் மகள்கள் ஐந்து பேர். அவர்களில் லூசியின் மகன் ஆன்டனி பிரவுன் எட்டாம் ஹென்றியின் குதிரைகளுக்கெல்லாம் தலைமை அதிகாரியானான். அவனுடைய மகன் 1554இல் எடுத்துக்கொண்ட பட்டத்தின் பெயர் மான்டெகு. கூடு என்று ஜான் கசந்துகொண்ட அதே பெயர். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.

நேற்று இரவு எடுத்து மச்சானிடம் பேசினேன். ஆம், நான்தான் அழைத்தேன். யார் தூண்டுதலும் இல்லை. இந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு இனி எனக்கு இல்லை. இது உங்களை விட்டுப் போவது ஆகாது. ஆகும் என்று நீங்கள் நினைத்தால் அதை நீங்களே என்னிடம் சொல்லுங்கள், அம்மா வழியாக வேண்டாம்.

அவர் முதலில் உங்கள் முழங்கால் வலியைப் பற்றித்தான் விசாரித்தார். பிறகு உங்கள் எண்ணைக் கேட்டார். அண்ணாவிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி