முன்பல் இல்லாத குரல்

பாப்பாவுக்கு,

என் காதில் ஆபரேஷன் செய்து வைத்த காக்ளியர் இம்ப்ளான்டை, காது கேட்க வைக்கிற அந்தக் கருவியை, ஸ்விட்ச் ஆன் செய்து நேற்றோடு ஒரு வருடம். காலையிலேயே நீ அனுப்பிய வாழ்த்தையும் கூடவே வந்த, ஆன் செய்த அன்று எடுத்த அந்தப் பழைய வீடியோவையும் பார்த்தேன். பதில் போடவில்லை. கோபமெல்லாம் இல்லை. அந்த வீடியோவைப் பார்க்க எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

இதை ஏன் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கேட்பாய். பொய் சொன்னதும் இங்கேதானே. "மகளின் குரலைக் கேட்டதும் ஆனந்தக் கண்ணீர்" என்று போன வருடம் நான்தான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டதாக இரண்டு பேர் எனக்கு எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு உறுத்தல். இது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வீடியோவை நிறுத்திய பிறகு நடந்தது நம் இருவருக்கும், காது கேட்கிறதா என்று சோதிக்கிற அந்த ஆடியாலஜிஸ்டுக்கும் மட்டும்தான் தெரியும். "ம்மா, கேக்குதா?" என்றாய். உதடு அப்படித்தான் அசைந்தது. எனக்கு வந்தது கண்ணாடியில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம், விட்டுவிட்டு. அவர் பேசினாலும் அதே கீறல், நாற்காலியை இழுத்தாலும் அதே கீறல். நீ பக்கத்தில் வந்து மறுபடியும் "ம்மா" என்றாய். நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இது உன் குரல் இல்ல. இதைக் கழட்டச் சொல்லு" என்றேன். அதுவும் சத்தமாக. என் குரலே எனக்கு அளவு தெரியாத நேரம் அது.

உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். மன்னித்துவிடு.

ஆனால் என்னுடைய பக்கத்தையும் நீ ஒருமுறை கேட்க வேண்டும். எனக்குக் காது போனபோது உனக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. "சரி" என்று சொன்னால் பல்லிடுக்கில் காற்று போய் ஒரு சின்ன விசில் வரும். நான் கடைசியாகக் கேட்ட உன் குரல் அதுதான். அதன் பிறகு 12 வருடம் உன் உதட்டைப் படித்தபோதெல்லாம், என் தலைக்குள் அந்தக் குரல்தான் உனக்குப் பேசியது. நீ உயரமானாய், கண்ணாடி போட்டாய், என்னோடு சண்டை போட்டாய், கதவை அறைந்தாய். எல்லாம் அந்த விசிலோடுதான். 19 வயதில் நீ காலேஜ் ஃபார்மைப் படித்துக் காட்டியபோதும் எனக்குக் கேட்டது ஏழு வயசுப் பாப்பா.

அன்று அது போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. காதுக்கு வெளியே மாட்டுகிற பிராசஸரைக் கழற்றி வைத்துவிட்டு உன் உதட்டைப் பார்த்தாலும் இப்போது அந்தக் குரல் வருவதில்லை. ஒரு வருடமாகத் தேடுகிறேன், வரவில்லை. எல்லோரும் "குரல் கிடைச்சிருச்சே" என்று சந்தோஷப்பட்டபோது நான் ஒரு குரலுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தேன். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? உன்னைக் கேட்டதும்தான் உன்னை இழந்தேன் என்றா?

சரி. இப்போது அந்த 13.

உள்காதுக்குள் போய் நரம்பைத் தூண்டுகிற 22 எலக்ட்ரோடுகள் உள்ள கம்பியில் 13 தான் உள்ளே போயின என்று ஆபரேஷன் முடிந்து சொன்னார்கள். அன்று நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எலும்பு அடைத்திருந்தது, துளைத்துத்தான் வழி செய்தோம் என்றார்கள். கிரேயம் கிளார்க் என்கிற ஆஸ்திரேலிய டாக்டரைப் பற்றி நான் அப்போதுதான் படித்தேன். உள்காது நத்தைக்கூடு மாதிரி இரண்டரைச் சுற்று. அதற்குள் ஒரு கம்பியை எப்படி வளைத்து அனுப்புவது என்று தெரியாமல் இருந்தவர், 1977இல் கடற்கரையில் கிடந்த ஒரு கிளிஞ்சலில் புல்லை நுழைத்துப் பார்த்தாராம். நுனி மெலிந்து வளைந்துகொடுக்க, அடி போகப்போக விறைப்பாக இருந்ததால் புல் சுற்றிச் சுற்றி உள்ளே போனது. கம்பியையும் அதே மாதிரி செய்தார்கள். அடுத்த வருடம் மெல்பர்னில் முதல் ஆபரேஷன். அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவருடைய கிளிஞ்சல் காலியாக இருந்தது, புல் போனது. என்னுடையது 12 வருடமாக அடைத்துக் கிடந்தது.

கீச்சுக் குரல்களுக்கான இடம் நத்தைக்கூட்டின் வாசலில் இருக்கிறது, கனத்த குரல்களுக்கான இடம் உள்சுற்றில். என் கம்பி உள்சுற்று வரை போகவே இல்லை. அதனால்தான் எல்லாக் குரலும் எனக்கு ஒல்லியாகக் கேட்கின்றன. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். எனக்கு வந்தது மூளைக்காய்ச்சல். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு உள்காதில் எலும்பு வளர்ந்துவிடலாம், சில வாரங்களிலேயே தொடங்கிவிடவும் கூடும். அதனால் சீக்கிரம் செய்ய வேண்டும் என்பார்கள்.

எனக்கும் சொன்னார்கள், பாப்பா. உன்னிடம் சொன்னார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் பழைய ரிப்போர்ட்டெல்லாம் கேட்டார்களே, நீ எடுத்துத் தருகிறேன் என்றாய். நீ வர நேரமானது, நானே பீரோவைத் திறந்தேன். அந்தப் பழைய ஃபைலின் கடைசிப் பக்கம். இரண்டு காதும் முழுதாகப் போய்விட்டது, காக்ளியர் இம்ப்ளான்ட் கூடிய சீக்கிரம் செய்ய வேண்டும், ஸ்கேன் எடுக்க வேண்டும். கீழே ஒரு வரி: உறவினருக்கு விளக்கப்பட்டது.

அந்த உறவினருக்குக் கால் தரையில் எட்டவில்லை. அதுதான் என் கண்முன்னால் நிற்கிறது. பெரிய நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாய், ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்திருந்தது. டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார், இவளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று நாற்காலியை உன் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் காது போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, உதடு படிக்கவெல்லாம் தெரியாது. அவர் கையை மட்டும் பார்த்தேன். காதுக்குப் பின்னால் விரலால் ஒரு கோடு போட்டார். அப்புறம் காற்றில் ஒரு சுழி. நீ பெரிய மனுஷி மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். பிறகு என் தாடையைப் பிடித்து உன் பக்கம் திருப்பி, எனக்குப் புரிகிற மாதிரி வாயை நன்றாகத் திறந்து சொன்னாய்: "சரியாயிடும்மா. மாத்திரை போட்டா சரியாயிடும்."

நான் சிரித்தேன். டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

ஏழு வயதில் சொல்லாததை விடு. 10 வயதில் சொல்லியிருக்கலாமே. 15 வயதில்? மாத்திரை தீர்ந்து, டானிக் தீர்ந்து, யார் யாரோ சொன்ன எண்ணெயெல்லாம் ஊற்றி, ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அப்போதெல்லாம் நீ பக்கத்தில்தானே இருந்தாய்? ஒரு வார்த்தை. அந்த ஃபைலை எடுத்து என் மடியில் போட்டிருந்தால் போதும். மீதி ஒன்பதும் உள்ளே போயிருக்கும் என்று இரவில் படுத்தால் மனசு கணக்குப் போடுகிறது. எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இது உண்மை.

என் பையில் பேனா இருந்தது. அதுவும் உண்மை. "எழுதிக் காட்டுங்க டாக்டர்" என்று நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. எனக்கு அவர் என்ன சொன்னார் என்பதை விட நீ என்ன சொல்வாய் என்பது போதுமாக இருந்தது. அதுவே பழக்கமாகிவிட்டது. பேங்கில் நீ, போனில் நீ, உன் ஸ்கூலில் டீச்சர் உன்னைப் பற்றிச் சொன்ன குறையை எனக்கு எடுத்துச் சொன்னதும் நீ. அப்பா அன்று ஏன் கூட வரவில்லை என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவரும் இதைப் படிப்பார். அவருக்கும் அந்த வருடம் சுலபமாக இருக்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

போன வருடம் சர்ஜனிடம் நீ கேட்டாயே, "தலையைத் திறப்பீங்களா?" என்று. காதுக்குப் பின்னாலிருக்கிற எலும்பில்தான் வேலை, மூளையைத் தொடவே மாட்டோம், இரண்டு மூன்று மணி நேரம்தான் என்று அவர் சொன்னதும், நீ நாற்காலியில் அப்படியே தளர்ந்து உட்கார்ந்தாய். அந்தக் கேள்வி 12 வருடம் பழசு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காதுக்குப் பின்னால் ஒரு கோடு. அம்மா தலையை வெட்டப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாய். வெட்டினால் அம்மா செத்துப்போவாள் என்று நினைத்திருக்கிறாய். மாத்திரை போதும் என்று ஏழு வயசு முடிவு பண்ணியிருக்கிறது. அந்த வயதில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அப்புறம், இந்த ஒரு வருடம். குழாய்த் தண்ணீர் ஜல்லி கொட்டுகிற மாதிரி கேட்டது, பாலித்தீன் பையை யாராவது கசக்கினால் அறையை விட்டு ஓடினேன். ராத்திரி முழுக்க ஏதோ ஒன்று தட்டிக்கொண்டே இருக்கிறது என்று வீடு பூராவும் தேடினேன். ஒரே காதில் கேட்பதால் எந்தத் திசை என்றே தெரியாது. கடைசியில் சுவர்க் கடிகாரம். 12 வருடமாக அது முள் நகரும் ஒரு படமாகத்தான் எனக்கு இருந்தது. அதன் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டேன். உன்னை எழுப்பிக் காட்ட வேண்டும் போலிருந்தது. நீ ஹாஸ்டலில்.

நீ என்ன செய்தாய்? "உன் குரல் இல்ல" என்று நான் சொன்ன அதே குரலில் தினமும் 20 வார்த்தை பேசி எனக்கு அனுப்பினாய். கல், கால். பல், பால். குறிலும் நெடிலும்தான் முதலில் பிடிபட்டன. பட்டு, தட்டு, கட்டு மூன்றும் இன்றைக்கும் எனக்கு ஒன்றுதான். ல, ள, ழ பற்றிப் பேசவே வேண்டாம். தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் மறுபடி அனுப்புவாய். நான்கு மாதம் போனபின் ஒரு நாள் 11ஆவது வார்த்தையில் அது கீறலாக இல்லை. "மழை" என்று ஒரு பெண் சொன்னாள். யாரோ ஒரு பெண். பொறுமையான குரல். அது நீதான் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு இன்னும் இரண்டு மாதம் ஆனது.

இந்தக் கருவியில் ராகம் சரியாக வராது, தாளம் வரும். ஏற்ற இறக்கம் குழம்பிப்போகும், ஆனால் எங்கே நின்றது, எங்கே இழுத்தது என்பது துல்லியமாகக் கேட்கும். அதனால்தான் போன மாதம் போனில் எனக்கு அது கேட்டது. "எப்படிடா இருக்கே?" என்றேன். "நல்லா" என்றாய், நின்றாய், "இருக்கேன்மா" என்றாய். நேரில் என்றால் அந்த இடைவெளியில் நீ சிரித்திருப்பாய், நானும் சிரிப்பைப் பார்த்துவிட்டு நம்பியிருப்பேன். 12 வருடம் அப்படித்தான் நம்பினேன்.

என்ன விஷயம் என்று இங்கே கேட்கமாட்டேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும், அது அவர்களுக்கு இல்லை.

நாளை காலை 11 மணிக்கு எனக்கு மேப்பிங், கருவியின் அளவுகளைச் சரிசெய்வது. இரண்டு எலக்ட்ரோடுகள் வேலை செய்யும்போது கன்னம் துடிக்கிறது, அவற்றை அணைத்துவிடப் போகிறார்கள். 11 தான் மிஞ்சும். கொஞ்ச நாளைக்கு எல்லாக் குரலும் வேறு மாதிரி ஆகும், உன்னுடையதும்தான். இப்போதிருக்கிற குரல் எனக்குப் பழகிவிட்டது, பாப்பா. அது மாறுவதற்குள் இன்று ராத்திரியே கூப்பிடு. வீடியோ வேண்டாம், போனில் பேசு. எத்தனை மணியானாலும் பிராசஸரைக் கழற்றாமல் இருக்கிறேன்.

அம்மா