பழைய பள்ளிக்கூடத்தை வீடுகளாக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டட உரிமையாளர்களுக்கும் ஆர்க்கிடெக்டுகளுக்கும்,

வணக்கம். பிள்ளைகள் வராமல் போன பள்ளிக் கட்டடத்தை இடிக்காமல் குடியிருப்பாக மாற்ற முன்வந்ததற்கு முதலில் நன்றி. ஆள் புழங்காத கட்டடம் சீக்கிரமே பாழாகிவிடும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், சமூகத்துக்குப் பயன்படும் ஒரு வேலைக்கு விட்டால் பழைய கட்டடத்தைக் காப்பது எளிது என்கிறது. கூடவே, அதற்காக அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றிவிடக் கூடாது என்றும் சொல்கிறது. என் கவலையெல்லாம் இந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான்.

வகுப்பறை ஜன்னல்களைப் பாருங்கள். மின்விளக்கை நம்பாத காலத்தில் வைத்தவை. கடைசி வரிசைப் பிள்ளையின் நோட்டு வரை வெளிச்சம் எட்ட வேண்டும் என்றுதான் கூரையைத் தொடுகிற அளவுக்கு உயர்த்தினார்கள். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி, பல பள்ளிகளில் பிள்ளைகளின் இடப்பக்கமாகவே ஜன்னல் வைத்தார்கள். அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! இந்த உயரத்தைப் பார்த்ததும், நடுவில் ஒரு தளம் போட்டு ஒரு வீட்டை இரண்டாக்கக் கணக்குப் போடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தளம் ஜன்னலைக் குறுக்கே வெட்டும். கீழ்வீடு இருட்டடிக்கும், மேல்வீட்டில் ஜன்னல் முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடும். கூடுதல் இடம் வேண்டுமென்றால் உள்சுவரை ஒட்டிப் பரண் போல ஒரு மேல்தளம் போடுங்கள், ஜன்னல் பக்கம் முழு உயரமும் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். ஓதம் ஏறி, உப்புப் பூத்து, ஒருநாள் பூச்சோடு செங்கல்லின் மேல்தோலும் உரிந்து வரும். சாவி கொடுக்கும் அன்று சுவர் வழவழவென்றுதான் இருக்கும். பிறகு அவதிப்படுவது குடிவந்தவர்கள். சுண்ணாம்புப் பூச்சு காய நாளாகும் என்பது உண்மைதான். அந்த நாளைக் கொடுங்கள்.

பழைய பெயிண்டில் ஈயமும் கூரையில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம், சோதிக்காமல் அவற்றைச் சுரண்ட யாரையும் விடாதீர்கள். மரத்தளம் என்றால் மேல்வீட்டுக் காலடிச் சத்தம் அப்படியே கீழே இறங்கும், அதற்கும் இப்போதே வழி செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அனுமதிக்கு அனுப்பும் முன் குறுக்குவெட்டு வரைபடத்தை, அதாவது கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று காட்டும் படத்தை, எல்லோர் பார்வைக்கும் வையுங்கள். தரைப்படம் மட்டும் போதாது. புதிய தளம் எந்த ஜன்னலை எந்த இடத்தில் தொடுகிறது என்பது குறுக்குவெட்டில்தான் தெரியும்.

அன்புடன்,
பழைய கட்டடங்கள்மேல் அக்கறை உள்ள ஒருவர்