ஹெட்டன் பள்ளத்தாக்குக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

ஜூலையில் தோழிகளோடு ஹெட்டன் பள்ளத்தாக்குக்கு நடக்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசெல்லாம் சந்தோஷம். அப்பாவும் நானும் உன்னோடு தங்கியிருந்தபோது இங்கிலாந்தின் டெவன் பக்கம் எவ்வளவோ நடந்தோம். எக்ஸ்மூர் கடலோரத்தில் இருக்கும் இந்தச் சுற்றுப்பாதை மாதிரி வேறெதுவும் மனதில் ஒட்டவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

ஹன்டர்ஸ் இன் விடுதிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆற்றோடு இறங்கினால் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் கடல் வந்துவிடும். முதலில் ஓக் மரக் காடு. அப்புறம் மரங்கள் குறைந்து, சரளைக்கல் சரிந்து கிடக்கும் செங்குத்தான மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். பல பேர் கூழாங்கல் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படித் திரும்பிவிடாதீர்கள். பாதையின் நல்ல பகுதியே அதற்கு மேல்தான் இருக்கிறது.

ஆனால் ஏறுவதற்கு முன்னால், கரையோரம் இருக்கும் பழைய சுண்ணாம்புக் காளவாயைப் பார். அந்தக் காலத்தில் வேல்ஸிலிருந்து சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் படகில் வந்து இந்தச் சின்னக் கரையில் இறங்கின. இரண்டையும் காளவாயில் அடுக்கி எரித்து, நீற்றிய சுண்ணாம்பைப் புளிப்பேறிய மேட்டு வயல்களுக்கு உரமாகக் கொண்டுபோனார்கள். இந்தச் செங்குத்துப் பள்ளத்தாக்கில் மூட்டை மூட்டையாக அதை மேலே ஏற்றிய மனிதர்களையும் குதிரைகளையும் நினைத்துக்கொண்டே அப்பா அங்கே வெகுநேரம் நின்றார்.

பிறகு பாலத்தைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் ஏறுங்கள். ஹைவீர் முனை வழியாக உட்டி பே நோக்கிப் போகும் கடலோரப் பாதை அதுதான். தென்மேற்கு இங்கிலாந்தைச் சுற்றி வரும் 630 மைல் நீளக் கடலோர நடைபாதையில் இதுவும் ஒரு துண்டு. திரும்பும்போது அதற்கு மேலே ஓடும் பழைய குதிரை வண்டிச் சாலையைப் பிடியுங்கள். மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். மாற்றி நடந்தாலும் சுற்று முடியும்தான். ஆனால் குறுகலான பாதையைக் கால் தெம்பாக இருக்கும்போது நடந்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். அகலமான வண்டிச் சாலையில் களைத்த கால்களும் தானாக நடக்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அங்கே பாதை ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் புல் சரிவு சாதுவாகத்தான் தெரியும், கொஞ்சம் இறங்கிப் படம் எடுக்கலாமே என்று தோன்றும். மேலே சாய்வாக இருக்கும் மலையின் அடிவாரத்தைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் போகப்போகச் சரிவு செங்குத்தாகி, கடைசியில் நேராகக் கடலுக்குள் விழுகிறது. அந்த விளிம்பு மேலிருந்து கண்ணில் படாது. ஈரப் புல் வேறு வழுக்கும். பாதையை விட்டு ஒரு அடிகூட இறங்க வேண்டாம், கண்ணு. பள்ளத்தாக்குக்குள் போன் சரியாக எடுக்காது. காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும். ஏதாவது ஆகிவிட்டால் 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல்படையைக் கேட்க வேண்டும் என்பது உன் தோழிகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஹாலோ புரூக் என்று ஓர் ஓடை பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, படிப்படியாக விழுந்து கடலில் போய்ச் சேரும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். தெளிந்த நாளில் எதிரே வேல்ஸ் கரை தெரியும். மேலே வண்டிச் சாலைக்கு வந்தபின், மார்ட்டின்ஹோ ஊருக்குக் கிட்டே ரோமானியர்களின் சின்னக் காவல் கோட்டை இருந்த மேடு ஒன்று இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வேல்ஸ் பக்கத்துப் பழங்குடியினர் அவர்களுக்கு இன்னும் அடங்கவில்லை. அந்தக் கடலைக் கண்காணிக்கத்தான் இங்கே வீரர்களை வைத்திருந்தார்கள். இப்போது மண் வரப்பும் பள்ளமும்தான் மிச்சம். ஆனாலும் அதே காட்சியை நாமும் பார்க்கிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஜூலை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பட்டாம்பூச்சி. ஹை பிரவுன் ஃபிரிட்டிலரி என்று பெயர். ஆரஞ்சு நிறச் சிறகில் கரும்புள்ளிகள். பிரிட்டனில் அருகிப்போன இனம் அது, மிஞ்சிய சில இடங்களில் ஹெட்டன் ஒன்று. அதன் புழு காட்டு வயலட் செடியின் இலையைத்தான் தின்னும். காய்ந்த பெரணிச் சருகு வெயிலில் சூடேறும் சரிவுதான் அதற்கு வசதி. வெயில் நாளில் பெரணி மண்டிய இடங்களில் பொறுமையாகப் பாருங்கள்.

அதே பெரணிக்குள் உண்ணியும் இருக்கும். முழுக்கால் சட்டை போட்டு, அதைக் காலுறைக்குள் செருகிக்கொள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பார். ஒட்டியிருந்தால் நகத்தால் பிய்க்காதே, நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. பிறகு சில வாரங்களுக்குள் கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டு. உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும்.

எந்த நாள் என்று முடிவானதும் சொல். பட்டாம்பூச்சியைப் பார்த்தால் அன்று ராத்திரியே படம் அனுப்பு, அப்பாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா