பிளஸ் டூ வழிகாட்டி பக்கத்துல இதையும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எனக்கு ஊரு தங்கச்சிமடம். பிஎஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டு இப்ப சென்னைப் பல்கலைக்கழகத்துல டிபென்ஸ் ஸ்டடீஸ் படிக்கிறேன், அணு ஆயுதம் பரவாம தடுக்குறது பத்தியும் மின்சாரக் கொள்கை பத்தியும் ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை. ஊர்ல சொன்னா கலாம் ஐயா மாதிரி ராக்கெட் விடப் போறியாம்மான்னு பிரியமா கேக்குறாங்க. இப்படி ஒரு படிப்பு இருக்குன்னே இந்தப் பக்கம் யாருக்கும் தெரியல, அதான் எழுதுறேன்.

கூடங்குளத்துல ஓடுற ரெண்டு 1000 மெகாவாட் உலையும் ரஷ்யா குடுத்தது, அணு எரிபொருளை ஆயுதத்துக்குத் திருப்பாம பாத்துக்குற சர்வதேச அணுசக்தி முகமையோட கண்காணிப்புல இருக்கு. அதே தமிழ்நாட்டுக் கரையில கல்பாக்கம் உலைங்க நாமளே கட்டுனது, அமெரிக்காவோட அணுசக்தி ஒப்பந்தத்துக்காக 2006ல எதை எதை கண்காணிப்புக்கு விடுறதுன்னு நம்ம அரசு பிரிச்சப்ப அதையெல்லாம் வெளிய வச்சிட்டாங்க. ஏன் அப்படின்னு தேடப் போய்த்தான் நான் இதுக்குள்ள வந்தேன். அந்த முகமையோட இன்ஸ்பெக்டருங்க சில இடத்துல ஒரு சின்ன பருத்தித் துணியால மெஷினையும் சுவரையும் துடைச்சு எடுத்துட்டுப் போவாங்க, அதுல ஒட்டுன கண்ணுக்கே தெரியாத தூசியை வச்சே யுரேனியத்தை எவ்வளவு செறிவூட்டியிருக்காங்கன்னு, அதாவது அதுல எளிதா பிளக்குற யுரேனியம்-235ஓட பங்கை எவ்வளவு கூட்டியிருக்காங்கன்னு சொல்லிடுவாங்க, கரண்ட் எடுக்க பெரும்பாலான உலைக்கு 5 சதவீதத்துக்குள்ள போதும், குண்டுன்னா 90 சதவீதம் கிட்ட வேணும். படிச்சப்ப மெய்சிலிர்த்துப் போச்சுங்க.

மின்சாரக் கொள்கைக்கு நம்ம மாவட்டமே பெரிய பாடம். கமுதியில 648 மெகாவாட் சோலார் வந்துச்சு, உப்பூர்ல அனல் மின் நிலையம் வேணாம்னு மீனவங்க போராடுனாங்க. சுடுதண்ணிய கடல்ல விட்டா மீனு எங்க போகும்னு எங்கப்பா கேக்குறாரே, அதுக்குப் பதில் சொல்ல ஆராய்ச்சி தெரிஞ்ச ஆளு இந்தக் கரையிலேர்ந்தே வரணும்.

பிசிக்ஸ் மட்டும் பத்தாது, ஒப்பந்தம், சட்டம், பொருளாதாரம் எல்லாம் படிக்கணும். டெல்லி ஜேஎன்யூல சர்வதேச அரசியலோட ஆயுதக் குறைப்பும் சேத்துப் படிக்க தனி மையம் இருக்கு, பெங்களூருல நியாஸ்ங்கிற (NIAS) ஆய்வு நிறுவனத்துலயும் இந்த ஆராய்ச்சி நடக்குது. அணுசக்தி முகமை 2020லேர்ந்து மேரி கியூரி பேர்ல முதுகலை படிக்குற பொண்ணுங்களுக்கு உதவித்தொகை குடுக்குது, பரவல் தடுப்பு படிக்குறவங்களுக்கும் அதுல இடம் உண்டு. எனக்கு இது காலேஜ் முடிஞ்சப்புறம் ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் தெரியும்.

வருஷா வருஷம் ரிசல்ட் சமயத்துல இன்ஜினியரிங், நர்சிங், பேங்க் எக்ஸாம்னு பக்கம் பக்கமா போடுறீங்க, அதோட இதுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்க ஐயா. தகுதி என்ன, எந்த மாசம் அப்ளை பண்ணணும், இதெல்லாம் விவரமா வந்தா மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் பிசிக்ஸ் படிக்குற பிள்ளைங்க கட்டிங் எடுத்து வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு மாணவி, தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்