மூன்று படைக்கும் விண்ணப்பிக்கும் நிலாவுக்கு

அன்புள்ள நிலா,

அமெரிக்க ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் மூன்றுக்கும் ஆர்.ஓ.டி.சி. ஸ்காலர்ஷிப் (கல்லூரியில் படிக்கும்போதே படை அதிகாரியாகப் பயிற்சி தரும் திட்டத்தின் உதவித்தொகை) விண்ணப்பம் போடப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். எது கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடுவாயாம். மூன்றுக்கும் போடுவதில் தப்பே இல்லை, தாராளமாகப் போடு. மூன்றும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி தேர்வுக் குழு. "எது கிடைக்கிறதோ" என்பதில்தான் மாமாவுக்குச் சம்மதமில்லை.

பணத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் கிடையாது. கல்லூரிக் கட்டணம், புத்தகத்துக்குக் கொஞ்சம், கைச்செலவுக்கு மாதம் சில நூறு டாலர். (ஏர்ஃபோர்ஸில் மட்டும் சில வகை ஸ்காலர்ஷிப்புக்கு உச்சவரம்பு உண்டு. தனியார் கல்லூரி என்றால் மீதியை உன் அப்பாதான் கட்ட வேண்டியிருக்கும்.) பட்டம் வாங்கிய பிறகு என்ன வேலை செய்யப்போகிறாய், அதை எப்போது, யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் மூன்றும் வேறு வேறு திசையில் போகின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு சைபர் வேலைக்கு (கணினி வலைப்பின்னல்களைக் காக்கும் வேலை) போகலாம் என்று நினைக்கிறாய் இல்லையா, அதனால் உனக்கு இது முக்கியம்.

நேவியில் கதவுகள் குறைவு. ஆர்.ஓ.டி.சி. வழியாக வருகிறவர்களை அவர்கள் கப்பல், நீர்மூழ்கி, விமானம், சிறப்புப் படை என்ற பணிகளுக்குத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். உளவு, சைபர், சப்ளை எல்லாம் ஆரம்பத்திலேயே கிடைப்பது அபூர்வம். எஞ்சினியரிங், கணிதம், அறிவியல் மாணவர்களுக்கே முன்னுரிமை. எந்தப் பாடம் எடுத்தாலும் கால்குலஸும் அதை ஒட்டிய இயற்பியலும் முடித்தாக வேண்டும். முழு ஸ்காலர்ஷிப்புக்கு 5 வருடம் முழுநேரப் பணி. மரீன் படையும் (கடலிலிருந்து தரையிறங்கிப் போரிடும் படை) இதே விண்ணப்பத்துக்குள் ஒரு பிரிவுதான். அங்கே கால்குலஸ் கட்டாயமில்லை, ஆனால் மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் குவாண்டிகோவில் உள்ள மரீன் பயிற்சித் தளத்தில் 6 வாரம் பிழிந்தெடுப்பார்கள்.

நேவி அதிகாரியான உன் அக்கா டெஸ்ட்ராயர் போர்க்கப்பலில் என்ன செய்கிறாள் என்று போனில் கேட்டுப் பார். நள்ளிரவில் எழுந்து போய் மணிக்கணக்கில் பிரிட்ஜில் (கப்பலை இயக்கும் மேல்தள அறை) நின்று கண்காணிப்பாள். பகலில் அவளுக்குக் கீழே இருபது பேர், அதில் பாதிப்பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். யாருக்கு லீவு, யாருக்குப் பதவி உயர்வுத் தேர்வு, பழுதான பம்புக்கு உதிரிபாகம் எந்தத் துறைமுகத்துக்கு வரும், எல்லாம் அவள் தலையில்தான். போன வாரம் எங்களோடு பேசியதில் பாதி நேரம் அந்தப் பம்பைப் பற்றித்தான். அவளுக்கு அது பிடித்திருக்கிறது. உனக்குப் பிடிக்குமா என்று யோசி. வெள்ளைச் சீருடை போட்டோவைப் பார்த்து முடிவு செய்யாதே.

ஆர்மி நேர்மாறு. காலாட்படை, எஞ்சினியர், சிக்னல், சைபர், உளவு, நிதி, போக்குவரத்து, மருத்துவ நிர்வாகம் என்று எக்கச்சக்கப் பிரிவுகள். படிப்பு எதுவானாலும் பெரும்பாலும் கவலைப்படமாட்டார்கள். பின்னாளில் அமெரிக்கப் படைகளின் உச்சப் பதவிக்கு உயர்ந்த கோலின் பவல் நியூயார்க் சிட்டி காலேஜில் நிலவியல் படித்து, ஆர்.ஓ.டி.சி. வழியாக 1958-இல் ஆர்மிக்குள் வந்தவர்தான். ஆனால் எந்தப் பிரிவு என்பது கடைசி ஆண்டில்தான் தெரியும். மதிப்பெண், உடல்திறன், ஃபோர்ட் நாக்ஸ் கோடை முகாமில் நீ காட்டியது எல்லாவற்றையும் கூட்டித் தரவரிசை போடுவார்கள். சைபர் கேட்டவருக்குப் போக்குவரத்து கிடைப்பதும் நடக்கும். முழுநேரமா, பகுதிநேரப் படைகளான ரிசர்வ் அல்லது நேஷனல் கார்டா என்பதும் அப்போதுதான் முடிவாகும்.

ஏர்ஃபோர்ஸில் உன் படிப்புக்கு மதிப்பு அதிகம். விண்வெளிப் படையான ஸ்பேஸ் ஃபோர்ஸுக்குத் தனி ஆர்.ஓ.டி.சி. கிடையாது, அதற்கும் இதே வழிதான். இங்கே இடறல் வேறு இடத்தில். இரண்டாம் ஆண்டில் கோடைப் பயிற்சிக்கான தேர்வு நடக்கும். அதில் இடம் கிடைக்காவிட்டால் மேலே போக முடியாது, ஸ்காலர்ஷிப் கையில் இருந்தாலும்கூட. பைலட் ஆசை வந்தால் இதையும் தெரிந்துகொள்: பயிற்சி முடிந்த நாளிலிருந்து 10 வருடம் பணி. மற்ற வேலைகளுக்குப் பொதுவாக 4 வருடம்.

உன் அம்மா "ஏர்ஃபோர்ஸ்தான் சேஃப்" என்கிறாள். அந்தக் காரணத்துக்காகச் சேராதே. எந்தச் சீருடை போட்டாலும் அனுப்பும் இடத்துக்குப் போயாக வேண்டும். ஆனாலும் உன்னைப் பொறுத்தவரை மாமாவின் வரிசை ஏர்ஃபோர்ஸ், அடுத்து ஆர்மி. கடலில் மாதக்கணக்கில் இருக்க உண்மையிலேயே ஆசை இருந்தால் மட்டும் நேவி. பாட்டியிடம், ராணுவ உணவுப் பொட்டலத்திலேயே சைவம் உண்டு என்று சொல்லிவிடு, அவருக்கு அது போதும்.

இன்னும் இரண்டு விஷயம். நான்கு வருட ஸ்காலர்ஷிப்பில் முதல் ஆண்டு வெள்ளோட்டம் மாதிரி. இரண்டாம் ஆண்டு தொடங்குவதற்குள் வேண்டாம் என்று விலகினால் பணத்தைத் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அதற்கப்புறம் விலகினால் கட்ட வேண்டி வரும், அல்லது சாதாரணச் சிப்பாயாகச் சேரச் சொல்லலாம். கல்லூரிப் பட்டியல் போடும்போது அந்த வளாகத்திலேயே ஆர்.ஓ.டி.சி. பயிற்சி யூனிட் இருக்கிறதா என்று பார். சில கல்லூரிகளில் பயிற்சிக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு விடியற்காலையில் காரோட்டிப் போக வேண்டும். ஜனவரிப் பனியில் அது விளையாட்டில்லை.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. மூன்று படைக்கும் பரிசோதனை ஒன்றுதான், ஆனால் குறை கண்டால் விலக்கு தருவதா இல்லையா என்பதை ஒவ்வொரு படையும் தனியாக முடிவு செய்யும். ஒருவர் மறுத்ததை இன்னொருவர் ஏற்கலாம். 13 வயதுக்கு மேல் ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தால் கேள்வி வரும். சின்ன வயதில் உனக்கு இன்ஹேலர் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எப்போது நிறுத்தினார்கள் என்பதுதான் தெரியவில்லை. மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. பின்னால் தெரிந்தால் எல்லாமே போய்விடும். டாக்டரிடம் பழைய கோப்பின் நகலை இந்த வாரமே கேட்டு வாங்கி வை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா