பீமுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே: கட்டட வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டடக் கலைஞர்களுக்கும் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும் திட்ட மேலாளர்களுக்கும் வணக்கம்.

தகட்டை வெட்டி மடித்து ஏசி டக்ட், அதாவது குளிர்காற்றை அறைகளுக்குக் கொண்டுசெல்லும் தகட்டுக் குழாய், பொருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் நான். உங்கள் வரைபடத்தில் ஒற்றைக் கோடாக ஓடும் டக்ட், சைட்டில் பீமையும் கழிவுநீர்க் குழாயையும் மின்கம்பிகளைத் தாங்கும் கேபிள் டிரேயையும் சந்திக்கும்போது என்ன பாடுபடுகிறது என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு கட்டடத்தில், 600 மி.மீ. அகலமும் 300 மி.மீ. உயரமும் கொண்ட டக்ட் போக வேண்டிய இடத்தில் டேப் வைத்து அளந்தபோது, பீமின் அடிக்கும் சீலிங் சட்டத்துக்கும் இடையே 220 மி.மீ.தான் இருந்தது. ஃபிளாஞ்சுக்கும் (டக்ட் துண்டுகளைச் சேர்க்கும் விளிம்பு) வெப்பம் புகாமல் காக்கும் இன்சுலேஷனுக்கும் போக மிஞ்சியது 150. “கொஞ்சம் அமுக்கிப் போட்டுவிடுங்கள்” என்றார் மேற்பார்வையாளர். அகலத்தைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் அப்படிப் பாதியாக்கினால் காற்றின் வேகம் இரட்டிப்பாகும். அழுத்த இழப்போ நான்கு மடங்குக்கும் மேலாகும். அதன்பின் கடைசி அறைக்குக் காற்று வரவில்லை என்ற புகார் எங்கள் மேல்தான் விழும்.

பரப்பு குறையாமலிருக்க 1200 × 150 ஆகத் தட்டையாக்கலாம். ஆனால் சுற்றளவு 1800 மி.மீ.யிலிருந்து 2700 ஆகிறது. தகடு ஒன்றரை மடங்கு செலவாவதோடு உராய்வும் கூடுகிறது. அகன்ற தகடு அதிராமலிருக்க ஆங்கிள் (L வடிவ இரும்புச் சட்டம்) கொடுத்து இறுக்க வேண்டும். பக்கங்கள் 15 பாகைக்கு மேல் விரியாமல் மெல்ல அகல வேண்டுமென்றால், பக்கத்துக்கு 300 மி.மீ. விரியவே ஒரு மீட்டருக்கு மேல் நீளம் தேவை. அந்த நீளத்தில் வேறொரு குழாய் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும்.

டக்டை வெட்டிக் குழாயை ஊடே விட்டு, ஓரத்தில் சீலன்ட் பூசிவிட்டுப் போவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். காற்று அங்கே சுழன்று இரையும். வேறு வழியே இல்லையென்றால், காற்று வரும் பக்கம் உருண்டும் போகும் பக்கம் நீண்டு குறுகியும் நீர்த்துளி வடிவில் ஓர் உறை செய்து குழாயை மூட வேண்டும். அவ்விடத்தில் டக்டையும் பெரிதாக்க வேண்டும்.

எனவே, கான்கிரீட் போடுவதற்கு முன்பே எல்லாப் பணிகளையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சாய்வு மாறக்கூடாத கழிவுநீர்க் குழாய்க்கு முதலில் இடம் ஒதுக்குங்கள், அடுத்து டக்டுக்கு, எளிதில் வளையும் மின்குழாய்கள் கடைசியில் வரட்டும். 300 மி.மீ. உயர டக்டுக்கு ஃபிளாஞ்சும் தாங்கு சட்டமும் சேர்ந்து 400 மி.மீ. வரை வேண்டும் என்பதையும், போல்ட்டை முடுக்க ஒரு கை நுழைய வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பீமில் திறப்பு விட முடியுமா என்று கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டிய நேரம் கம்பி கட்டுவதற்கு முன்புதான். ஷட்டரிங் (கான்கிரீட் ஊற்றும் அச்சுப் பலகை) அடிப்பதற்கு முந்தைய நாள் எங்களில் ஒருவரை சைட்டுக்கு அழையுங்கள்; டேப்போடு வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு டக்ட் பொருத்துநர்